ஒரு கல்லும் குறையாமல்

கலினின்கிராட் என்ற ருஷ்ய நகரத்தின் நடுவில் நின்ற பெரிய கட்டடம் ஒன்றை அடியோடு இடித்து முடித்துவிட்டார்கள் என்று கைபேசியில் வாசித்தேன். வாசித்த பிறகு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த நகரத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை. இடித்த கட்டடமும் அழகான கட்டடம் இல்லை. ஆனால் அது நின்ற நிலத்தில் அதற்கு முன்பு ஓர் அரசர் கோட்டை இருந்தது. எனக்குத் துக்கம் அந்தக் கோட்டைக்காக.

"முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறியள். ஆர் செத்தது?" என்று என் மனைவி மனோ கேட்டாள்.

"ஒருத்தரும் சாகேல்லை. ஒரு கோட்டை இருந்தது, அந்த இடத்தில..."

"விசர்க் கதை," என்றுவிட்டு அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னதிலும் பிழையில்லை. அந்தக் கோட்டையின் கதையை யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதை உள்ளது உள்ளபடி சொன்ன ஒரு கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு நாள் இந்த மொன்றியலில் எழுதப் பார்த்தார்கள். அன்று அவருடைய வாயாக இருந்தவன் நான். ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், "அண்ணை, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது எழுதாவிட்டால் பிறகு மறந்துவிடுவேனோ என்ற பயமும் எனக்கு உண்டு. அந்தப் பயத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துப் பலாலிக்காரன். புலமைப்பரிசில் கிடைத்து, இளம் வயதில் சோவியத் நாட்டுக்குப் பொறியியல் படிக்கப் போனேன். வரோனிஷ் நகரத்தில் என் வாலிபம் முழுவதும் ருஷ்ய மொழியிலேயே கழிந்தது. அந்த மொழியில்தான் முதன்முதலாகக் காதலித்தேன், சண்டை பிடித்தேன், சமைக்கப் பழகினேன். படிப்பு முடிந்தபோது ஊருக்குத் திரும்பும் நிலைமை இல்லை. சுற்றிச் சுழன்று மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். என் பட்டத்தை இங்கே ஒருவரும் சீண்டவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். இரவு வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். தமிழ், ருஷ்யம், பிரெஞ்சு, ஆங்கிலம் நாலும் தெரிந்த ஆள் தேவை என்று ஒருவர் சொல்லக் கேட்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அதே வேலைதான்.

என்னை வேலைக்கு எடுத்தவர் மதாம் லூசி. மொழிபெயர்ப்பாளர்களை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பாளர். மெலிந்த, உயரமான பெண். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. புதியவர்களைச் சோதிக்க அவர் கூடவே வந்து அறையின் மூலையில் கதிரையைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நாங்கள் ஒரு சொல்லை விழுங்கினால், கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். விழுங்கிய சொல்லைக் கக்கும்வரை அந்த விரல் கீழே இறங்காது. வைத்தியருக்கு அவசரம், நோயாளிக்கு வலி, எல்லாரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவருடைய விதிகள் கொஞ்சம்தான். நோயாளி "நான்" என்றால் நீயும் "நான்" என்று சொல். "அவர் சொல்கிறார்" என்று சொல்லாதே. அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அதை மற்றவருக்குச் சொல்லிவிடு. சந்தேகம் வந்தால் ஊகிக்காதே, கேள். உன் முகத்தால் பதில் சொல்லாதே. அறைக்கு வெளியே நோயாளியோடு கதை வைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, "கூட்டிப் பெருக்காதே. அவர்கள் குப்பையாகப் பேசினால் குப்பையாகவே கொண்டு வந்து கொடு. எது குப்பை என்று தீர்மானிக்க உனக்குச் சம்பளம் இல்லை" என்பார்.

சொல்வது சுகம். எங்கள் சனத்தோடு செய்து பாருங்கள். பார்க் எக்ஸ்ரென்ஷன் என்ற பகுதியிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் காத்திருக்கும் அறையில் என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "தம்பி எந்த ஊர்?" அடுத்தது, யாருடைய மகன் என்று, "ஆற்றை பிள்ளை?" பதில் சொன்னால் கதை வளர்ந்து, அரை மணி நேரத்தில் நான் அவருக்கு மருமகன் முறையாகிவிடுவேன். பதில் சொல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன். நான் தலைக்கனத்தைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். "வாயை வாடகைக்கு விட்டவர் வாறார்" என்று எனக்குப் பட்டமும் வைத்தார்கள்.

உள்ளே போனால் வேறு தொல்லை. கால் விரல் கறுத்துப்போய் வந்தவர், வைத்தியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதும், "ஒரு குறையும் இல்லை, கடவுள் புண்ணியத்தில சுகம்" என்பார். பெரிய மனிதரிடம் போய் முறைப்பாடு சொல்வது மரியாதை இல்லை என்பது அவருடைய வளர்ப்பு. பக்கத்தில் மனைவி துடிப்பார். "தம்பி, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்று என் கையைப் பிடிப்பார். இந்தப் 'பாத்துச் சொல்லுங்கோ' இருக்கிறதே, என் தொழில் வாழ்க்கை முழுவதும் என்னைத் துரத்திய வசனம் அதுதான். கூடினதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டி, எங்கள் ஆளின் மானம் போகாமல் நாலு சொல் நல்லதாகச் சொல்லிவிடு என்பது அதன் பொருள். அதில் வஞ்சகம் இல்லை, அன்புதான். ஆனால் மூலையில் மதாம் லூசியின் விரல் எழும்பும். "ஒரு குறையும் இல்லை என்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "பாத்துச் சொல்லுங்கோ என்று மனைவியாகிய நான் கேட்கிறேன்" என்பதையும் சொல்லுவேன். வைத்தியர்கள் முட்டாள்கள் இல்லை. சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிப் பழகிய எனக்கு, ஓய்வுக்குக் கிட்டத்தில் வந்ததுதான் நீனா பாவ்லவ்னாவின் விஷயம்.

எண்பது தாண்டிய ருஷ்யப் பெண். வில்லரே என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். அடுப்பில் கேத்தலை வைத்து மறந்து, புகை கிளம்பி, தீயணைப்புக்காரர் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் திரும்பத் தன் வீட்டுக்குப் போகலாமா, முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். அதற்காக அவருடைய புத்தித் தெளிவைச் சோதிக்கும் நேர்காணல். அதை நோயாளியோடு தனியாகத்தான் நடத்துவார்கள். மகள் இரினா வெளியே நின்றாள்.

நான் கதவடிக்குப் போனதும் இரினா என் கையைப் பிடித்தாள். "அம்மா கோட்டைக் கதையைத் தொடங்குவா. அதை விட்டிடுங்கள். கலினின்கிராட்டில் வளர்ந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவை இல்லத்தில் போட்டால் செத்துப்போவா. தயவுசெய்து, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்."

ருஷ்யத்திலும் அதே வசனம்! எனக்குச் சிரிப்பு வந்தது. "விட்டுச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை," என்றேன். அவள் கையை உதறிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீனா பாவ்லவ்னா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். வெள்ளைத் தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார். நான் விதிப்படி ருஷ்யத்தில் என்னை அறிமுகம் செய்தேன். நீங்கள் சொல்வதை எல்லாம் சொல்வேன், எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ருஷ்யத்தை எங்க படிச்சனி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என் நெஞ்சு எவ்வளவு ஆசைப்பட்டது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த மொழியில் மனம் விட்டுக் கதைத்து எத்தனையோ வருடம். அந்தக் கேள்வியையும் வைத்தியருக்கு மொழிபெயர்த்தேன். "பிறகு பேசலாம், முதலில் வேலை," என்று வைத்தியர் சிரித்தார். அந்தப் பிறகு வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் அவருடைய ருஷ்யத்தைப் பிரெஞ்சில்தான் சொன்னேன். ஆனால் என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வைத்தியர் இளம் பெண், பொறுமையானவர். இன்று என்ன கிழமை, எந்தப் பருவம், எந்த முகவரி என்று கேட்டார். நீனா பாவ்லவ்னா எல்லாம் சரியாகச் சொன்னார். கீழே தெப்பனேர் எனப்படும் சின்னப் பலசரக்குக் கடைக்காரன் பால் விலையை ஏற்றிவிட்டான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பழைய ஞாபகத்தைப் பார்க்க, "சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"அரசன்ர கோட்டையில."

எனக்குத் தெரிந்த அளவில் கலினின்கிராட் என்றால் கடற்படைத் துறைமுகம். நான் படித்த காலத்தில் வெளிநாட்டுக்காரரை அங்கே விடமாட்டார்கள். கோட்டையை நான் எங்கே கண்டேன்? கிழவிக்கு மூளை தட்டிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். 'பழைய கட்டடம் ஒன்றில்' என்று சொன்னால் போதும், பொய்யும் இல்லை, கிழவி தப்பிவிடுவார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மதாம் லூசி ஓய்வு பெற்றுப் போய்க் கனகாலம். அறை மூலையில் வெறும் கதிரைதான் கிடந்தது. ஆனாலும் நான் ஊகிக்காமல், நீனா பாவ்லவ்னாவிடமே கேட்டேன். "நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லவா?"

"அப்பிடியே சொல்லு. ஒரு கல்லும் குறையாமல்."

"அரசனின் கோட்டையில் இருந்தேன்," என்றேன். வைத்தியரின் பேனா நின்றது. "எந்த அரசன்?" என்று கேட்டார்.

"ஜேர்மன்காரன்ர அரசன். அது முந்தி ஜேர்மன் நகரம், வேற பெயர். எழுநூறு வருசமாக் கோட்டை அந்தக் குன்றில நிண்டது. அங்க ஒருத்தன் தன்ர தலையில தானே முடியை வைச்சு அரசனானவன். சண்டையில நெருப்புப் பிடிச்சு எரிஞ்சுபோச்சு. ஜேர்மன்காரரை எல்லாம் அனுப்பிப்போட்டு எங்களை ரயிலில கொண்டுவந்து இறக்கினவை. கூரையுள்ள வீடு கிடைக்கேல்லை. ஐயாவுக்கு இடிபாட்டில செங்கல் பொறுக்கிற வேலை, வேற ஊருகளைத் திருப்பிக் கட்டக் கப்பலில அனுப்பிறதுக்கு. அதால கோட்டைக்குக் கீழ ஒரு நிலவறையில இருந்தம். நல்ல தடிச்ச சுவர். குளிர் ஏறாது."

நான் சொல்லிக்கொண்டே போனேன். "அங்கே என்ன விளையாடுவீர்கள்?" என்று வைத்தியர் மெதுவாகக் கேட்டார். குழந்தையிடம் கேட்கும் குரல்.

"காணாமல் போன அறையைத் தேடுறது. ஒரு முழு அறை, சுவரெல்லாம் அம்பர் கல்லு. லெனின்கிராட் பக்கத்து அரண்மனையிலயிருந்து ஜேர்மன் படை கழற்றிக் கொண்டுவந்து கோட்டைக்குள்ள வைச்சவை. பேந்து அந்த அறையைக் காணேல்லை. பெரியாக்களும் தோண்டித் தோண்டிப் பாத்தவை. இன்னும் கிடைக்கேல்லை."

"இப்போது அந்தக் கோட்டை?"

"வெடி வைச்சுத் தகர்த்துப்போட்டினம். எனக்கு அப்ப டிராமில ரிக்கற் குடுக்கிற வேலை. வெடி வைக்கேக்க டிராமை நிப்பாட்டிப் போடுவினம். வேண்டாம் எண்டு படிச்ச பிள்ளையள் எழுதிக் குடுத்தும் ஒருத்தரும் கேக்கேல்லை. சுவர் லேசில விழேல்லை. நான் டிராமுக்குள்ள இருந்து, விழாத, விழாத எண்டு சொல்லிக்கொண்டிருந்தன்." நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். "பேந்து அந்த இடத்தில அதிகாரிமாருக்கு ஒரு பெரிய மாளிகை கட்டினவை. அதில ஒருத்தரும், ஒரு நாளும் இருக்கேல்லை. கீழ நிலவறையள் எண்டதால சரியுது எண்டு ஒரு கதை, காசில்லை எண்டு இன்னொரு கதை. பெரியாக்கள் வரப்போயினம் எண்டவுடன நீல பெயின்ற் அடிச்சு யன்னலுக்குக் கண்ணாடி போட்டவை. உள்ளுக்கு வெறும் காத்து. இப்ப அதையும் உடைக்கினம். நேற்று மகள் ஃபோனில காட்டினவ."

வைத்தியர் எழுதுவதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக வைத்தியர்கள் என்னைப் பார்க்கும் பார்வை அது. நான் தரையைப் பார்த்தேன்.

"மெஸ்யூ, உங்களிடம் கேட்கிறேன். அந்த மொழியில் இதற்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?"

தெரியாது என்றால் கிழவி தோற்றார், இருக்கிறது என்றால் நான் ஊகிக்கிறேன். எனக்கிருந்தது ஒரே வழி. அறைக்குள் சொன்னது எல்லாம் மற்றவருக்குச் சொல்லப்பட வேண்டும். நீனா பாவ்லவ்னாவின் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்கிறார்," என்றேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை எண்டு சொல்லு. எங்களுக்கும் அதில ஒரு அர்த்தமும் விளங்கேல்லை. ஆனா நடந்தது அதுதான்."

சொன்னேன். வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கணினியில் ஏதோ தட்டினார். தட்டியவர் அப்படியே முன்னுக்குச் சாய்ந்தார். மேசையிலிருந்த திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பெரிய பெட்டி போல ஒரு நீலக் கட்டடம், பாதி உடைத்தபடி. அதற்குப் பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் உயர்ந்த கோபுரத்தோடு ஒரு கோட்டை. நீனா பாவ்லவ்னா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டையின் அடியில் விரலை வைத்தார். "இன்னும் கீழ. படத்தில தெரியாது. இதுக்குக் கீழ எங்கட கட்டில்."

அந்த "எங்கட கட்டில்" என்பதையும் பிரெஞ்சில் அப்படியே சொன்னேன்.

"அங்கே திரும்பிப் போக விரும்புகிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டார். இந்த முறை குழந்தையிடம் கேட்கும் குரல் இல்லை.

"எங்க போறது? கோட்டையும் இல்லை, மாளிகையும் இல்லை. கனவில போறன், அது காணும். எனக்கு வில்லரேக்குப் போக வேணும். கேத்தலை மறந்தனான், அது உண்மை. தானா அணையிற கரண்ட் கேத்தல் ஒண்டை மகள் வாங்கித் தரட்டும். நான் வீட்டுக்குப் போக வேணும்."

"நான் வீட்டுக்குப் போக வேண்டும்," என்றேன். அந்த வசனத்தை எத்தனை பேருக்காகச் சொல்லியிருப்பேன்! பிள்ளை பெற்றவர்கள், சத்திரசிகிச்சைக்கு மறுநாள் எழும்பியவர்கள், சாகக் கிடந்தவர்கள், எல்லாருக்கும் கடைசியில் கேட்க இருப்பது அது ஒன்றுதான். ஆனால் அன்று சொன்னபோது அது என் வசனம் மாதிரியே எனக்குக் கேட்டது.

அவரை வீட்டுக்கு விட்டார்கள், காலையிலும் மாலையிலும் வந்து பார்க்க ஓர் உதவியாளரை ஒழுங்கு செய்து. இதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்தினார்கள். பிறகு போய்ப் பார்ப்பதற்கும் விதி இடம் தராது. பஸ்ஸில் வில்லரேப் பக்கம் போகும்போதெல்லாம் மூன்றாம் மாடி யன்னல்களைப் பார்ப்பேன். எந்த யன்னல் என்றும் தெரியாது. ஏதாவது ஒன்றில் வெளிச்சம் இருந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்வேன். அங்கே ஒரு மேசையில் தேத்தண்ணியோடு இருந்து, "வரோனிஷில படிச்சனான் அம்மா" என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை.

இனி மறதியைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சொற்கள் தவறத் தொடங்கின. முதலில் ருஷ்யச் சொற்கள், பிறகு பிரெஞ்சு. இந்த மாரிகாலம் யாழ்ப்பாணம் போய்வர நானும் மனோவும் யோசித்திருந்தோம். பிள்ளைகள் பயந்துபோய், "முதல் டொக்ரரிட்டக் காட்டுங்கோ, அவர் ஓம் எண்டால்தான் பயணம்" என்று சொல்லிவிட்டார்கள். காட்டப் போனோம். ஞாபகப் பரிசோதனையைத் தாய்மொழியில்தான் செய்ய வேண்டும் என்றார் வைத்தியர். மேசையில் ஒரு தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். இப்போது மொழிபெயர்ப்பு எல்லாம் இப்படித்தான். எங்கிருந்தோ ஒரு பெண் பிள்ளையின் குரல் வந்தது. சென்னைத் தமிழ்.

"வணக்கம் சார். நீங்க சொல்றத எல்லாம் நான் டாக்டர்கிட்ட சொல்வேன். எதையும் சேர்க்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழமை, பருவம், மணிக்கூடு வரைவது எல்லாம் முடிந்தது. சில சொற்களைத் தவறவிட்டேன், எனக்கே தெரிந்தது. "உங்க வீடு எங்க இருந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாங்க, சின்ன வயசுல."

"பலாலி. எங்கட வீடும் வளவும் சண்டை நேரம் ஆமி எடுத்து, இப்ப விமான நிலையத்துக்குள்ள. அம்மா சமைச்ச குசினி, அதுதான் சமையலறை, அது இருந்த இடத்தில பிளேன் ஓடுது."

குரல் சற்றுத் தயங்கியது. பக்கத்தில் இருந்த மனோ பதறித் தொலைபேசியை நோக்கிக் குனிந்தாள். "பிள்ளை, அவருக்கு ஒண்டும் இல்லை. டொக்ரர் பிழையா விளங்கிப்போடுவார். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

"சார், நீங்க சொன்னத அப்படியே சொல்லவா?"

"அப்பிடியே சொல்லுங்கோ பிள்ளை. ஒரு கல்லும் குறையாமல்."

சொன்னாள். நல்ல பிரெஞ்சு. மனோ கேட்டுக்கொண்டதையும் விடாமல் சொன்னாள். வைத்தியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு விளங்கியது, ஆனாலும் அவளுக்காகக் காத்திருந்தேன்.

"வீடே இல்லாத இடத்துக்கு எதுக்குப் போறீங்கன்னு கேக்கறாங்க சார்."

"வேலிக்கு வெளியில நிண்டு, பிளேன் எந்த இடத்தில இறங்குது எண்டு ஒருக்காப் பாக்க வேணும். அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போக வேணும்."

அந்தப் பிள்ளை அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் மனோ மீண்டும் குனிந்தாள். இந்த முறை அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. அவளும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அவர்களுடைய வளவு எங்களுக்குப் பின்வளவு.

"பிள்ளை, எனக்கும் வீட்டுக்குப் போக வேணும் எண்டு அதையும் சேத்துச் சொல்லிவிடுங்கோ."

"இதையும் அப்படியே சொல்லவா அம்மா?"

"ஓம் பிள்ளை. அப்பிடியே சொல்லுங்கோ."